செங்கீரை முதல் நடைவண்டி வரை

பாயில் குப்புறக் கிடக்கிறது ஐந்து மாதக் குழந்தை. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றித் தலையைத் தூக்குகிறது. முகம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. சற்று நேரத்தில் கை தளர்ந்து மூக்கு பாயில் இடிக்க, ஒரே அழுகை.

இந்தக் காட்சிக்குத் தமிழில் ஒரு பெயரே உண்டு: செங்கீரை. குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடும் பிள்ளைத்தமிழில் இது ஐந்தாம் மாதத்துக்கு உரியது. ஏழில் தால், ஒன்பதில் உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி, பதினொன்றில் முத்தம், ஓராண்டை ஒட்டித் தளர்நடை போட்டு வரச் சொல்லும் வருகை என்று அந்தப் பட்டியல் நீளும். கடவுளையும் அரசரையும் பாட எழுந்த இலக்கியம்தான். ஆனாலும் அதன் மாதக் கணக்கை இன்றைய குழந்தை மருத்துவரின் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்தால், பெரிதாகப் பிசகவில்லை.

பிசகாததற்குக் காரணம் இருக்கிறது. உடம்பின் மீதான கட்டுப்பாடு குழந்தைக்குத் தலையில் தொடங்கிக் கால் நோக்கி இறங்குகிறது. மூன்று மாத வாக்கில் கழுத்து நிற்கிறது. அடுத்து தோளும் கையும் வலுத்துக் குப்புற விழுகிறது. பிறகு முதுகு நிமிர்ந்து உட்கார்கிறது. இடுப்பும் காலும் கடைசியில்தான். கழுத்து நிற்காத குழந்தை உட்கார முடியாது. இந்த வரிசை எந்த ஊரிலும் ஏறக்குறைய இதுதான்.

முதல் வாரத்தில் மட்டும் வளர்ச்சி பின்னோக்கிப் போவதுபோல் தெரியும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் அது திரும்பிவிடும். அதன்பின் ஒரே ஓட்டம்தான்: ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு, ஓராண்டில் மூன்று மடங்கு. சுமார் 50 செ.மீ. நீளத்தில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் 75 செ.மீ. இருக்கும். மூளையின் அளவும் இந்த ஓராண்டில் ஏறக்குறைய இரட்டிக்கிறது. அதற்கு இடம் விடத்தான் உச்சிக்குழி மூடாமல் காத்திருக்கிறது. பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் அது மூடும்.

பிறந்த குழந்தைக்குப் பார்வை 20 முதல் 30 செ.மீ. வரைதான் ஓரளவு தெளிவு. பால் குடிக்கும் வாய்க்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தூரம் அது. தூக்கத்தில் அது சிரித்தால் ‘நரி விரட்டுது’ என்பார்கள் பாட்டிமார். ஆறு முதல் எட்டு வாரத்தில் வருவது வேறு சிரிப்பு. எதிரே உள்ள முகத்தைப் பார்த்து, அந்த முகத்துக்காகவே வருவது.

தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு என்பார்கள். அந்த ஏழாம் மாதத்தில் குழந்தையின் நாக்கும் சும்மா இருப்பதில்லை. ‘தாத்தாத்தா’, ‘ம்மம்மா’ என்று மழலை கொட்டும். காது இன்னும் கூர்மை. 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தமிழர்கள் கேட்டால் புன்னகைக்கக்கூடியது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள இரண்டு ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். நம் தகரத்துக்கும் டகரத்துக்கும் உள்ள வேறுபாடுதான் அது. ஆங்கிலேயர் நாக்கு தடுமாறும் அந்த வேறுபாட்டை ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பிரித்தறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பிடிபடவில்லை. வீட்டில் புழங்கும் ஒலிகளுக்குக் காது பழகப் பழக, புழங்காதவை நழுவிவிடுகின்றன. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும் ஆத்தாமார் ஒரு மொழிப் பாடமே நடத்துகிறார்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். கருவில் சேர்த்துவைத்த இரும்புச்சத்து அந்த வாக்கில்தான் தீரத் தொடங்குகிறது. அப்போது குழைய மசித்த பருப்புச் சோறும் கீரையும் முட்டையும் மெல்ல மெல்ல உள்ளே வரலாம். தேன் மட்டும் ஒரு வயது வரை கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமி வித்து, பெரியவர்களை ஒன்றும் செய்யாது; பச்சிளம் குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தை மருத்துவர்கள் தடுப்பது இதனால்தான்.

எட்டாம் மாத வாக்கில் வீட்டில் புதுப் புகார் எழும். யாரிடமும் சிரித்துக்கொண்டு போன பிள்ளை, ஊரிலிருந்து வந்த சித்தப்பாவைப் பார்த்து வீறிட்டு அழும். ‘வேத்துமுகம் பாக்குது’ என்பார்கள். சித்தப்பா வருத்தப்பட ஒன்றுமில்லை. தெரிந்த முகம் எது, தெரியாத முகம் எது என்று பிரிக்கும் அளவுக்கு நினைவு வளர்ந்திருக்கிறது. துணிக்கு அடியில் ஒளித்த கிலுகிலுப்பையை விலக்கிப் பார்த்து எடுப்பதும் இதே காலத்தில்தான். கண்ணில் படாதது இல்லாமல் போய்விடவில்லை என்று அதற்குப் புரிந்துவிட்டது.

இனி, எல்லா வீட்டிலும் எழும் கேள்வி: “பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாசத்துல நடந்துச்சே, நம்மளது ஏன் இன்னும் நடக்கலை?” உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நல்லபடி வளர்ந்த 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் கணக்கை வெளியிட்டது. துணையின்றி உட்கார 3.8 முதல் 9.2 மாதம் வரை. தனியாக நடக்க 8.2 முதல் 17.6 மாதம் வரை. இரண்டு எல்லைக்கும் இடையில் ஒன்பது மாதத்துக்கு மேல் இருக்கிறது! நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. உட்கார்ந்தே நகர்ந்தோ வேறு வழியிலோ எழுந்து நடந்துவிட்டன.

அதற்காக எல்லாவற்றையும் ‘தானா வரும்’ என்று விட்டுவிடவும் முடியாது. நான்கு மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதம் தாண்டியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதிலும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கற்றதை மறந்தால், எந்த வயதானாலும் உடனே. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும் கணக்கு வேறு: இரண்டு மாதம் முந்திப் பிறந்திருந்தால், வயதில் இரண்டைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

நடை சீக்கிரம் வரட்டும் என்று சக்கரம் வைத்த வாக்கரில் உட்கார வைப்பவர்கள் உண்டு. படியில் உருண்டு விழும் விபத்துகளால் கனடா 2004இல் அதற்குத் தடையே விதித்தது. நம் ஊர் மர நடைவண்டி வேறு ரகம். அதில் உட்கார இடமில்லை. குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ள வேண்டும். விழுவதும் பாடத்தில் சேர்த்திதான். நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் குழுவினர் எண்ணிப் பார்த்தபோது, நடை பழகும் குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தன; 17 முறை விழுந்தன.

விழுந்துவிடுவோமோ என்ற சந்தேகம் வந்தால் குழந்தை என்ன செய்யும்? 1985இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேசை மேல் விட்டார்கள். பாதி தூரத்தில் தரை திடீரென்று கீழே இறங்குவதுபோல் கண்ணாடிக்கு அடியில் தோன்றும். மறுமுனையில் அம்மா. குழந்தை விளிம்பில் நின்று, பள்ளத்தைப் பார்த்தது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடந்து வரவில்லை. அம்மா சிரித்தபோது 19இல் 14 குழந்தைகள் கண்ணாடியைக் கடந்து வந்துவிட்டன.