பவர் பேங்க்கின் மாறாத 5 வோல்ட்

பவர் பேங்க்கிலுள்ள லித்தியம் செல் நிறைந்திருக்கையில் 4.2 வோல்ட் தரும். தீரும் தறுவாயில் 3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆனாலும் யு.எஸ்.பி. முனையில் கடைசிவரை 5 வோல்ட்தான். காரணம் மின்னழுத்தத்தை உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டர். அதன் சுவிட்ச் நொடிக்குப் பல லட்சம் முறை மூடித் திறக்கிறது. மூடும்போது கம்பிச்சுருளில் சேரும் ஆற்றல், திறக்கும்போது செல்லின் மின்னழுத்தத்தோடு கூடி வெளியேறுகிறது. செல் தளரத் தளர, மூடியிருக்கும் நேரம் நீள்கிறது. இலவச மின்சாரமா? இல்லை. வெளியே 10 வாட் தர, 3 வோல்ட் செல்லிலிருந்து 3.3 ஆம்பியருக்கு மேல் இழுத்தாக வேண்டும். இரண்டு செல்களைத் தொடராக இணைத்து, மிகுவதை லீனியர் ரெகுலேட்டரால் குறைக்கலாமே என்பார்கள். 8.4 வோல்ட்டை அப்படி 5 ஆக்கினால் ஐந்தில் இரண்டு பங்கு வெப்பமாகிவிடும். 12 வோல்ட்டுக்கு மேலும் கீழும் ஊசலாடும் கார் பேட்டரியிலிருந்து நிலையான 12 வேண்டுமென்றால் மட்டும் பூஸ்ட் போதாது, உயர்த்தவும் குறைக்கவும் வல்ல பக்-பூஸ்ட் வாங்குங்கள்.