வலி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தலாமா?

மேலூர்ப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் புற்றுநோய். எலும்பு வரை பரவிவிட்டது. இரவெல்லாம் வலி, தூக்கம் இல்லை. பிள்ளைகள் மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். டாக்டர் 'மார்பின்' மாத்திரை கொடுத்தார். 4 மணிக்கு ஒரு தடவை, 10 மில்லிகிராம். கூடவே கதிர்வீச்சுச் சிகிச்சையும் நடந்தது. சில வாரங்களில் பெரியவர் எழுந்து திண்ணையில் உட்கார்ந்தார். பேரனைக் கூப்பிட்டுப் பேசினார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்.

"என்னப்பா இது, அபின் மாத்திரையாமே! அய்யாவுக்குப் பழகிப்போனால் அப்புறம் விடவே விடாது" என்றார்.

மகன் பயந்துபோனான். அன்று இரவே மாத்திரையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டான்.

மறுநாள் பெரியவருக்கு மூக்கும் கண்ணும் ஒழுகின. கொட்டாவிமேல் கொட்டாவி. உடம்பு வேர்த்தது, மயிர் சிலிர்த்தது. வயிற்றைப் பிசைந்து பேதி போயிற்று. போன வலியும் திரும்பி வந்தது.

"பார்த்தீர்களா, அடிமை ஆகிவிட்டார்" என்று ஊரில் பேசுவார்கள்.

அது தவறு!

உடம்பு பழகுவது வேறு, மனம் அடிமையாவது வேறு. தினமும் பல வாரம் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் யார் உடம்பும் அதற்குப் பழகும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தடுமாறும். கெடுதல் என்று தெரிந்தும், வலியே இல்லாதபோதும், மருந்தைத் தேடி அலைவதுதான் அடிமைத்தனம். பெரியவர் தேடியது வலியில்லாத ஒரு ராத்திரியைத்தான், பாவம்!

கிணற்றுப் படி போல

கிணற்றில் இறங்குகிறவன் படிப்படியாகத்தான் இறங்குவான். மாத்திரையும் அப்படித்தான். சில வாரமோ சில மாதமோ சாப்பிட்டவருக்கு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு குறைப்பது ஒரு வழக்கம். ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவருக்கு மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்குதான். பெரியவர் சாப்பிட்டது நாள் ஒன்றுக்கு 60 மில்லிகிராம். அதில் முதலில் அரை மாத்திரை, அதாவது 5 மில்லிகிராம், குறைக்கலாம். உடம்பு ஏற்றுக்கொண்டால் அடுத்த படி. வலி வந்தால் அதே படியில் கொஞ்ச நாள் நிற்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எந்தப் படி, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மெதுவாகக் கரையும் நீண்டநேர மாத்திரை என்றால் அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்!

1 மாதம் கழித்து வலி வந்தது என்று பழைய அளவை எடுத்து விழுங்குவது எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. உடம்பு அதற்குள் பழைய பழக்கத்தை மறந்திருக்கும். மூச்சு நின்றுபோகலாம். சாராயமும் தூக்க மாத்திரையும் சேர்ந்தாலும் அதே ஆபத்துதான்.

அமெரிக்காவில் பல டாக்டர்கள் பயந்து, இந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினார்கள். நோயாளிகள் துடித்தார்கள். அப்படி நிறுத்தக்கூடாது என்று 2019-ல் அந்த நாட்டு மருந்து நிர்வாகமே எச்சரிக்க வேண்டியதாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் அடுக்களையில் இருக்கும் கசகசா, ஒரு செடியின் விதை. அதே செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் சர்க்கார் லைசென்சு பெற்ற விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள். அபினிலிருந்து எடுப்பதே மார்பின்.

1985-ல் போதைப் பொருள் சட்டம் வந்தது. கடத்தல்காரனைப் பிடிக்க வந்த சட்டம் நோயாளியையும் சேர்த்துப் பிடித்துவிட்டது! மார்பின் வாங்க ஆஸ்பத்திரிகள் பல இலாகாக்களில் லைசென்சு பெற வேண்டும். கடைசி லைசென்சு வருவதற்குள் முதல் லைசென்சு காலாவதியாகிவிடும். மருந்து விளையும் நாட்டிலேயே நோயாளிகள் மருந்தில்லாமல் அலறினார்கள்.

2014-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்பின் உட்பட 6 மருந்துகள் 'அத்தியாவசியம்' என்று அறிவிக்கப்பட்டன. 2015-ல் நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் இருந்தால் ஆஸ்பத்திரி மார்பினை வைத்திருக்கலாம். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கணக்கு வைக்க வேண்டும்.

முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் கொடுக்கும் 'டிரமடால்' இதற்குத் தம்பி மாதிரி. 2018-ல் அதுவும் போதைப் பொருள் சட்டத்தில் சேர்ந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடைக்காரர் அதைக் கொடுக்கக்கூடாது. வாங்கியவர் பெயரை ரிஜிஸ்தரில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். இதையும் பல வாரம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தக்கூடாது.

மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு பஸ் ஏறி வருவது நோயாளிக்குக் கஷ்டந்தான். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

மாத்திரையைப் பூட்டுள்ள பெட்டியில், பேரன் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஒரு வீட்டு மாத்திரை இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது. மிஞ்சியதை ஒளித்து வைக்காமல், கொடுத்த ஆஸ்பத்திரியில் சொல்லி ஒப்படைப்பது நல்லது.