மின்சுற்றுக்கு ஆணையிடும் மென்பொருள்

சந்திரகிரிக்கு அண்மையில், காதங்கியில், விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இயங்கி வருகிறது. அங்குள்ள ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அலைத் துடிப்புகளை மேலே செலுத்தி, திரும்பி வரும் மிக மெல்லிய எதிரொலியிலிருந்து காற்றின் வேகத்தைக் கணிக்கிறது. 1990களின் தொடக்கத்தில் இது நிறுவப்பட்டபோது, 1024 ஆண்டெனாக்களுக்கு 32 அலைபரப்பிகளே ஆற்றல் அளித்தன. பின்னர் புதுப்பித்தபோது, ஆண்டெனா ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோவாட் கருவி தனித்தனியே பொருத்தப்பட்டது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளை ஒத்த கணத்தில் இயக்குவது கணிப்பொறியால் மட்டும் ஆகாத காரியம். தயாரித்த பின்னரும் உள்ளிணைப்புகளை மாற்றியமைக்கத்தக்க தருக்கச் சில்லுகளே இத்தகைய பணிக்கு ஏற்றவை. ஆயின், அச்சில்லு உயரத்தையும் அறியாது, காற்றையும் அறியாது. தன் பதிவகங்களில் எழுதப்படும் எண்களை மட்டுமே அறியும். ஆய்வாளர் குறிப்பிடும் உயரத்தை அந்த எண்களாக மாற்றித் தருவது இடைமுக மென்பொருள்.

அதிகம் பேசப்படாத இப்பகுதியில்தான் ஆபத்தும் உள்ளது. கால அளவில் ஒரு மைக்ரோவினாடி பிசகினால் உயரத்தில் 150 மீட்டர் பிசகும். கருவி எதுவும் பழுதாகாது. தவறான உயரத்தின் காற்றளவு ஒழுங்காகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். ஆதலின், நன்கு வகுக்கப்பட்ட இடைமுகம், சில்லிலுள்ள வடிவமைப்பின் பதிப்பெண்ணை முதலில் கேட்டறியும். அது தன் அட்டவணையுடன் பொருந்தாவிடில், ஒரு துடிப்பையும் வெளியே விடாது.