நாளும் உண்பது உணவு. நாள் எண்ணி உண்பது மருந்து

சேரன்மகாதேவியில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் கண்ணில் படும். அங்கே பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி இவ்வூரின் அருகே ஓடுகிறது. மூலிகைக்குப் பெயர்பெற்ற மலை இத்தனை அருகில் இருந்தும், நம் வீடுகளில் கஷாயச் சட்டி அடுப்பேறுவது பெரும்பாலும் காய்ச்சல் வந்த பிறகுதான். "இனி தினமும் மூலிகை சாப்பிடப் போகிறேன்" என்று தொடங்குவோர் பலர்; பத்து நாளைத் தாண்டுவோர் சிலர். வேறு சிலரோ, நிறுத்த வேண்டியதையும் நிறுத்தாமல் ஆண்டு முழுவதும் உண்கின்றனர். எது நாளும் உண்ணத்தக்கது, எது நாள் எண்ணி உண்ணத்தக்கது என்ற வேறுபாட்டை அறிந்துகொண்டால் இவ்விரு குறைகளும் நீங்கும்.

கஞ்சி கற்றுத்தரும் பாடம்

ரமளான் மாதத்து நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். வெந்தயம், இஞ்சி, பூண்டு, சீரகம் எனச் சமையலறை மருந்துகள் எத்தனை அதில் சேர்கின்றன! மாதம் முழுவதும் எவரும் அதை மறப்பதில்லை. காரணம், அதற்கு மஃரிபு என்னும் நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது. நேரம் குறிக்கப்படாத பழக்கம் நிலைப்பதில்லை.

குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு உவப்பானது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. உடல்நலம் பேணுவதற்கும் இது பொருந்தும். ஒரே நாளில் ஐந்து பொடிகளை வாங்கி அடுக்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதை ஒரு தொழுகை வேளையோடு இணையுங்கள். இஷாவுக்குப் பின் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஊறவைத்தால், ஃபஜ்ருக்குப் பின் உண்ணலாம். அஸருக்குப் பின் தேநீருக்குப் பதிலாகச் சுக்கு மல்லிக் காப்பி அருந்தலாம். பகல் உணவோடு சீரகத் தண்ணீர் குடிக்கலாம். இவை உணவின் இனம். உணவின் அளவில் உண்ணும்வரை பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. சிறப்பித்துச் சொல்லப்பட்ட கருஞ்சீரகத்தையும் சிட்டிகை அளவோடு நிறுத்துவதே நன்று.

எண்ணிக்கை தேவைப்படுபவை

2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது நெல்லை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அப்போது நிலவேம்புக் குடிநீர் வீதிதோறும் வழங்கப்பட்டது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு ஆகிய 9 சரக்குகள் சேர்ந்தது அது. பொடியை நீரிலிட்டு, நான்கில் ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும். சித்த மருத்துவ முறைப்படி குடிநீரின் ஆயுள் 3 மணி நேரம். சூரணத்தின் ஆயுள் 3 மாதம். காலையில் காய்ச்சியதை இரவுவரை வைத்துக் குடிப்பதும், சென்ற ஆண்டுப் பொடியை இவ்வாண்டு எடுப்பதும் பயனற்றவை.

நிலவேம்பை மருத்துவர் குறித்த நாள்கள் மட்டுமே அருந்த வேண்டும். கருவுற்ற பெண்கள் தாமாக அருந்தவே கூடாது. டெங்குக்கு மருத்துவமனைக் கண்காணிப்பின் இடத்தை அது நிரப்பாது. காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்னும் பழைய முறைகூட 'ஒரு மண்டலம்' என்று நாள் வரையறுத்தே சொல்லப்பட்டது. சுக்கின் தோலை நீக்க வேண்டும், கடுக்காயின் கொட்டையை நீக்க வேண்டும் என்பதும் அம்முறையின் பகுதியே. பொருளை மட்டும் வைத்துக்கொண்டு வரையறையைக் கைவிட்டது நம் பிழை.

பெயரால் வரும் மயக்கம்

அருகிலுள்ள பத்தமடையில் நம் சகோதரிகள் நெய்யும் பாயின் புகழ் உலகறிந்தது. அந்தப் பாய்க்கோரை வேறு. மருந்துக்குக் கிழங்கு தரும் கோரை வேறு. கீழாநெல்லி வேறு, மேலாநெல்லி வேறு. பெயர் ஒத்திருப்பதால் ஆற்றங்கரையில் கண்டதைப் பறித்து அரைத்துவிடக் கூடாது. கடையில் வாங்கும்போதும் தயாரிப்பு உரிம எண்ணும் தேதியும் இல்லாத பொட்டலங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "வெந்தயம் சாப்பிடுகிறேன், இனி எதற்கு மாத்திரை?" என்று சர்க்கரை நோயாளிகள் சிலர் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுகின்றனர். மாதங்கள் கழித்துக் கால் புண்ணிலோ கண் மங்கலிலோதான் உண்மை புலப்படுகிறது. மாத்திரையோடு வெந்தயத்தை மிகுதியாக உண்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். இருமலுக்கு இதமான அதிமதுரம், நீண்ட நாள் உண்டால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஆகவே எந்த மூலிகையை உண்கிறீர்கள் என்பதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வழிகாட்ட ஆளில்லை என்று நாம் சொல்ல முடியாது. பாளையங்கோட்டையில் 1964ஆம் ஆண்டு தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் உள்ளன. சேரன்மகாதேவியிலிருந்து நெல்லைக்கு ரயிலும் பேருந்தும் உண்டு. பக்கத்து வீட்டார் சொன்ன அளவைக் கேட்டு ஓராண்டு உண்பதைவிட, ஒரு நாள் சென்று முறையாகக் கேட்டு வருவது மேலல்லவா?

நோய்க்கு மருந்தை இறக்கியருளிய இறைவன், அளவையும் விதித்தே படைத்திருக்கிறான். இன்றிரவு ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஊறவையுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை உண்பவரானால், முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஊறவையுங்கள்.