எண்ணெய் பிடிக்கும் டின்

1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவை இன்னமும் கண்ணுங்கருத்துமாகப் பேணிவரும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இக்குறிப்பு.

பிஸ்டன் வளையங்கள் தேயத் தேய, எரிந்த புகை அவற்றைத் தாண்டி எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகிறது. அங்கிருந்து எண்ணெய் ஆவியையும் சுமந்துகொண்டு, எஞ்சினின் மேல்மூடியிலுள்ள ரப்பர் குழாய் வழியே மீண்டும் உள்ளே உறிஞ்சப்படுகிறது. நாளடைவில் கரி படிகிறது.

அந்தக் குழாயின் நடுவே பொருத்துவதுதான் இந்த டின். உள்ளேயிருக்கும் தடுப்புத் தகட்டில் ஆவி மோதி, குளிர்ந்து, துளியாகச் சொட்டும். புகை மட்டும் எஞ்சினுக்குத் திரும்பும். சிலர் குழாயைக் கழற்றி வெளியே தொங்க விடுகிறார்கள். அது தவறு; அந்தப் புகை காரில் இருக்கும் பிள்ளைகளின் மூக்கில்தான் ஏறும்.

டின்னைப் புகைபோக்கியின் சூட்டுக்கு அருகில் வைக்காதீர்கள். எண்ணெய் கசிந்தால் தீப்பிடிக்கும். எண்ணெயையும் சூட்டையும் தாங்கும் குழாயையே வாங்குங்கள். குழாய் மடங்கி அடைபட்டால் அழுத்தம் ஏறி, சீல்கள் வழியே எண்ணெய் ஒழுகும்.

மாதந்தோறும் டின்னைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் எண்ணெயும் ஈரமும் இருந்தால் கவலையில்லை, கொட்டிவிடலாம். சீக்கிரமே நிரம்பி வழிகிறதா? பெரிய டின் தேடி அலையாதீர்கள். டின் மருந்தன்று, நோயைக் காட்டும் கண்ணாடி. காரைப் பட்டறைக்குக் கொண்டுபோய், வளையங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்!