உங்களுக்குத் தெரியுமா? வசவாகிப் போன சொற்கள்

★ 'நாற்றம்' என்றால் மூக்கைப் பொத்துகிறோம். பழந்தமிழில் அது பொதுவாக வாசம்தான். பூவின் மணத்தையே வள்ளுவர் நாற்றம் என்கிறார். திருமாலின் வாயமுதம் எப்படி மணக்கும் என்று சங்கைக் கேட்கும் ஆண்டாளும் 'நாறு' என்ற வினையைத்தான் எடுக்கிறாள். இதற்குச் சாட்சி இன்னும் நம் வாயிலேயே இருக்கிறது. நாற்றமே கெட்டதென்றால் 'துர்நாற்றம்' என்று ஒரு 'துர்' எதற்கு?

★ 'போடா பொறம்போக்கு!' இந்த வசவு பிறந்த இடம் தெருவல்ல, வருவாய்த் துறையின் கணக்கேடு. தனியாருக்குப் பட்டா இல்லாமல், தீர்வைக்கு வெளியே நிறுத்தப்பட்ட நிலம் புறம்போக்கு. ஏரி, ஓடை, மேய்ச்சல் தரை, சுடுகாடு எல்லாம் அதில் வரும். மாடு மேய்ந்ததும் மழைத் தண்ணீர் தேங்கியதும் அங்கேதான். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவருக்கும் அங்கே பாத்தியதை உண்டு. வரி தராத நிலம் அதிகாரத்தின் கண்ணுக்கு உதவாத நிலமாகத் தெரிந்தது. உதவாத நிலத்தின் பெயரை உதவாத ஆளுக்கு வைத்தோம். 2017இல் வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' எண்ணூர்க் கழிமுகம் பாழாவதைச் சொல்ல இந்தச் சொல்லையே கையில் எடுத்தது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடியது. கேட்டுப் பாருங்கள், அதன்பின் யாரையும் அப்படித் திட்ட மனம் வராது.

★ தொல்காப்பியத்தின் காதல் தலைவன் யார் தெரியுமா? 'கிழவன்'. தலைவி 'கிழத்தி'. வயதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிழமை என்றால் உரிமை. உரிமை உடையவன் கிழவன். ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு உரியவர் கிழார்: கோவூர் கிழார், ஆவூர் மூலங்கிழார். இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் பெயர் இன்றைய காதுக்கு வேடிக்கையாகத்தான் படும். உரிமையைக் குறித்த சொல், உரிமைகளை ஒவ்வொன்றாகப் பிள்ளைகளிடம் விட்டுக்கொடுத்தவர்களைக் குறிக்கும் ஏளனமாக மாறியது எனக்கு உறுத்துகிறது.

★ குப்பையும் முன்பு வெறும் குவியல்தான். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது.

★ விடிந்தும் எழாத பிள்ளையை 'மூதேவி' என்கிறார்கள். மூத்த தேவி என்பதே அதன் பொருள், திருமகளுக்கு அக்காள். தவ்வை என்றும் சேட்டை என்றும் பெயர்கள் உண்டு. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவளுக்குச் சிற்பம் இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில், 8ஆம் நூற்றாண்டில், பாண்டிய அதிகாரி சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி அவளுக்குக் கோயில் எடுத்த செய்தி கல்வெட்டில் பதிவாகியிருக்கிறது. பருத்த வயிறு, காக்கைக் கொடி, துடைப்பம், ஒரு பக்கம் மாட்டுத் தலையோடு மகன், மறுபக்கம் மகள். இதுதான் அவள் கோலம். வள்ளுவர் காலத்திலேயே அவள் வறுமையின் அடையாளம்தான். பொறாமைக்காரனைத் திருமகள் தன் அக்காளிடம் விட்டுவிடுவாள் என்கிறார். ஆனாலும் கும்பிட்டார்கள். அந்த வழிபாடு நின்றுபோன பிறகு சிலைகள் பல கோயில்களில் மூலைக்குப் போயின. பெயர் மட்டும் வசவாக வீட்டுக்குள் தங்கிவிட்டது.

★ பெண்ணைச் சுட்டும் வசவுகளில் ஆகக் கொடியது எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. அதன் வேர் 'தேவரடியார்': இறைவனுக்கு அடியவர். சோழர் காலக் கல்வெட்டுகளில் இவர்கள் கோயிலுக்குப் பொன்னும் நிலமும் கொடுத்தவர்களாக, மரியாதையோடு வருகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்றுகூட வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பின்னாளில் கோயில் வருமானம் குன்றி, மன்னரின் ஆதரவும் போய், அந்தப் பெண்கள் செல்வர்களின் தயவில் வாழும்படி ஆனது. முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் நடத்திய நெடும் போராட்டத்தின் பயனாக 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. வழக்கம் ஒழிந்தது; வசவு ஒழியவில்லை. அவர்களைச் சுரண்டிய செல்வர்களைச் சுட்ட அப்படியொரு வசவு தமிழில் உருவாகவே இல்லை.

★ ஆண்கள் ஒருவரை ஒருவர் கூசாமல் அழைத்துக்கொள்ளும் 'கம்மனாட்டி'க்குக் கணவனை இழந்தவள் என்று பொருள். 'முண்டை'க்கும் அதே பொருள்தான். துயரத்தில் இருக்கும் ஒருத்தியின் நிலையையே திட்டாக்கி வைத்திருக்கிறோம்.

★ 'பேமானி' உருதுவழி வந்தது. நேர்மையில்லாதவன் என்று பொருள். பரவாயில்லை, இது ஒன்றாவது குணத்தைப் பார்த்துத் திட்டுகிறது.

★ ஒருவர் பேச்சு பிடிக்காதபோது தமிழர் சொல்வதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள்: எரிச்சல், கடுப்பு, குடைச்சல், தலைவலி. எல்லாமே உடம்பு நோவுகள். வயிற்றுக்கடுப்பின் கடுப்புதான் 'கடுப்பேத்தாதே'யிலும் இருக்கிறது. சொல் உடம்பைத் தாக்கும் என்று மொழி அறிந்தே வைத்திருக்கிறது.

★ எல்லாச் சொல்லும் சரிவதில்லை. திருக்குறளின் சூது அதிகாரத்தில் 'கழகம்' என்றால் சூதாடும் இடம். கம்பரிடம் அது கலை பயிலும் இடமாகிறது. 20ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழகமானது; 1944இல் திராவிடர் கழகம், 1949இல் தி.மு.க. சூதாட்டக் களத்திலிருந்து பட்டமளிப்பு மேடை வரை ஏறிய வேறொரு சொல் தமிழில் எளிதில் கிடைக்காது.

★ சொல்லை மாற்ற நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதுமில்லை. பேருந்திலும் திரைப்பட நகைச்சுவையிலும் கொச்சையாக அழைக்கப்பட்டவர்களுக்குத் 'திருநங்கை' என்ற சொல் நம் கண்ணெதிரேதான் பரவியது. 2008 ஏப்ரல் 15இல் தமிழக அரசு அவர்களுக்கு நல வாரியம் அமைத்தது. அந்த நாளே இப்போது திருநங்கையர் தினம். இன்றைய பள்ளிப் பிள்ளைகளில் பலர் முதலில் கற்கும் சொல்லே இதுதான்.