மெழுகுவர்த்தி வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

கரன்ட் கட் ஆனா மட்டும் ஞாபகம் வர்ற ஐட்டமா இருந்துச்சு மெழுகுவர்த்தி. 2012-ஐ நினைச்சுப் பாருங்க. சென்னையைத் தவிர மத்த மாவட்டங்கள்ல ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல கரன்ட் இல்லாம தவிச்ச வருஷம் அது. நாமெல்லாம் அப்போ வாண்டுகள். திண்டுக்கல்ல எந்தத் தெருவுக்குப் போனாலும் ஜன்னல்ல ஒரு மெழுகுவர்த்தி எரியும்.

இப்போ சீனே வேற! பர்த்டேயா? சென்டட் கேண்டில். தோழிக்குக் கல்யாணமா? கண்ணாடி டம்ளர்ல ஊத்தின லேவண்டர் கேண்டில். ஹாஸ்டல் ரூம்ல ரீல்ஸ் எடுக்கணுமா? நாலு மூலையிலயும் கேண்டில். இருட்டை விரட்டினது போய், மூடு ஏத்துறதுக்குன்னு ஆயிடுச்சு. கூடவே லேபிள்ல ஒரு வார்த்தையும் வந்து ஒட்டிக்கிச்சு... 'நான்-டாக்ஸிக்'! அதாவது நச்சு இல்லாதது. அந்த ஒரு வார்த்தைக்காகவே விலை எகிறுது. நம்ம பாக்கெட் மணிக்கு அது பெரிய விஷயம்தானே? அதான் இந்த அலசல்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. 'நான்-டாக்ஸிக்'ங்கிறது பெரும்பாலும் விற்கிறவங்களே தங்களுக்குக் கொடுத்துக்கிற பட்டம். அதை நம்புறதைவிட, உள்ளே என்ன எரியுதுன்னு பார்க்கிறதுதான் புத்திசாலித்தனம்.

கொஞ்சூண்டு கெமிஸ்ட்ரி!

பயப்படாதீங்க, அரியர் வைக்கிற அளவுக்கு இல்லை. மெழுகுவர்த்தியில எரியறது திரின்னு நினைக்கிறோம். நிஜத்துல எரியறது மெழுகோட ஆவி! சூட்டுல மெழுகு உருகுது, திரி வழியா மேல ஏறுது, ஆவியாகி எரியுது. டெஸ்ட் பண்ணணுமா? மெழுகுவர்த்தியை அணைச்ச உடனே ஒரு வெள்ளைப் புகை எழும்பும். அந்தப் புகைக்குப் பக்கத்துல தீக்குச்சியைக் கொண்டு போங்க. நெருப்பு அப்படியே தாவி திரியில பத்திக்கும். மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் சமயத்துல, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல மாணவர்களுக்காக மெழுகுவர்த்தியைப் பத்தி மட்டுமே ஆறு லெக்சர் எடுத்தார். ஒரு மெழுகுவர்த்திக்கு ஆறு லெக்சர்... நம்ம ஹெச்.ஓ.டி. தேவலாம்!

காற்று நல்லா கிடைச்சு முழுசா எரிஞ்சா கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும்தான் வரும். ஃபேன் காத்துல ஆடினாலோ, திரி நீளமா இருந்தாலோ அரைகுறையாத்தான் எரியும். அப்போதான் கரிப்புகையும் கார்பன் மோனாக்ஸைடும் கிளம்பும். சுவத்துல படியிற அதே கரிதான் மூச்சோட நெஞ்சுக்குள்ளயும் போகுது. ரூம்ல ஒருத்தருக்கு வீஸிங் இருந்தா, இது விளையாட்டு இல்லை.

எந்த மெழுகு பெஸ்ட்?

கடையில சாதாரணமா கிடைக்கிறது பாரஃபின். பெட்ரோலியத்துல இருந்து வர்றது. சென்னை மணலி, அசாம் டிக்பாய், நுமாலிகர் ஆலைகள்ல தயாராகுது. நல்லா சுத்திகரிச்ச பாரஃபின்ல எண்ணெய் அரை சதவீதத்துக்கும் கீழதான் இருக்கும். பாதி சுத்திகரிச்சதுல அதைவிட அதிகம். கையில எடுத்தா பிசுபிசுன்னு இருக்கா, பத்த வைக்காமலே மண்ணெண்ணெய் வாடை வருதா? வேண்டாம், வச்சிடுங்க.

அடுத்தது சோயா மெழுகு. 1990-கள்ல அமெரிக்காவுல பிரபலமாச்சு. கரி கொஞ்சம் கம்மி. ஆனா 50 டிகிரிக்குப் பக்கத்துலயே உருக ஆரம்பிச்சுடும். நம்ம ஊர் மே மாசத்துல வெயில் சாதாரணமா 38, 40-ஐத் தொடும். மூடின கார்லயோ தகரக் கூரைக்குக் கீழயோ வச்சா பாயசம்தான்! அதனாலதான் அதை டம்ளர்ல ஊத்தி விக்கிறாங்க. இன்னொரு உஷார்: 'சோயா பிளென்ட்'னு போட்டிருந்தா, அதுல பாரஃபினும் கலந்திருக்கலாம். 'நூறு சதவீதம் சோயா'ன்னு இருக்கான்னு பாருங்க.

மூணாவது தேன்மெழுகு. 62-64 டிகிரி வரைக்கும் தாங்கும், நிதானமா எரியும், லேசா தேன் வாசம் வரும். நம்ம வெயிலுக்கு இதுதான் சரியான ஆள். ஆனா பாரஃபினைவிட விலை பல மடங்கு. 'தேன்மெழுகு எரிஞ்சா காத்தையே சுத்தம் பண்ணும்'னு சிலர் சொல்வாங்க. அதுக்கு ஆதாரம் இல்லை. எரியற எந்தப் பொருளும் காத்தைச் சுத்தம் பண்ணாது பாஸ்.

2009-ல அமெரிக்காவின் சவுத் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள், பாரஃபின் எரியும்போது டொலுவின் மாதிரி வாயுக்கள் வருதுன்னு ஒரு மாநாட்டுல சொன்னாங்க. மெழுகுவர்த்தித் தொழில்காரங்க தரப்பு ஆய்வுகளோ, நல்ல தரமா இருந்தா எல்லா மெழுகும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எரியுதுன்னு சொல்லுது. ரெண்டு பக்கத்தையும் பார்த்தா நமக்குப் புரியறது இதுதான்: மெழுகு எதுங்கிறதைவிட, அது எப்படி எரியுது, கூட என்ன கலந்திருக்கு, ஜன்னல் திறந்திருக்காங்கிறதுதான் முக்கியம்.

மல்லி வாசம்... மல்லி இல்லை!

நம்மகிட்ட பூ பத்தி யாரும் கதை விட முடியாது. நிலக்கோட்டை பூ மார்க்கெட் நம்ம மாவட்டத்துலதானே இருக்கு! முகூர்த்த நாள்ல மல்லி கிலோ ஆயிரத்தைத் தாண்டுறதைப் பார்த்து வளர்ந்தவங்க நாம. ஒரு கிலோ அசல் மல்லி சாறு எடுக்க அரை டன்னுக்கும் மேல பூ வேணும். அப்போ 99 ரூபாய் கேண்டில்ல 'நேச்சுரல் ஜாஸ்மின்' எப்படி வரும்? கணக்கே உதைக்குதே!

அது லேப்ல செஞ்ச வாசனை. செயற்கைன்னாலே விஷம்னு அர்த்தம் இல்லை. அதே மாதிரி, இயற்கைன்னா சமத்துன்னும் அர்த்தம் இல்லை. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்ல இருக்கிற லிமொனீன், காத்துல இருக்கிற ஓசோனோட சேர்ந்தா ஃபார்மால்டிஹைடு உண்டாகும். அதனால தலைவலி, தும்மல், வீஸிங் இருக்கிறவங்க வீட்டுக்கு வாசனையே இல்லாத கேண்டில்தான் நல்லது. கிஃப்ட் வாங்கும்போதும் இதை யோசிங்க.

திரியைக் கவனிங்க!

சில மெழுகுவர்த்தியில திரி நிமிர்ந்து நிக்கிறதுக்காக நடுவுல உலோகக் கம்பி வைப்பாங்க. அது ஈயமா இருந்தா ஆபத்து. எரியும்போது ஈயம் காத்துல கலக்கும். குழந்தைங்க மூளையைப் பாதிக்கிற சமாச்சாரம் அது. அமெரிக்காவுல 2003-ல ஈயத் திரிக்குத் தடையே போட்டாங்க. வீட்டுலயே டெஸ்ட் பண்ணலாம்: பத்த வைக்காத திரியைப் பிரிச்சு, உள்ளே கம்பி இருந்தா வெள்ளைத் தாள்ல தேய்ங்க. பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறம் விழுந்தா ஈயமா இருக்கலாம். தூக்கிப் போடுங்க. பருத்தித் திரின்னா டென்ஷனே இல்லை.

நிஜ வில்லன் யாரு?

இப்போதான் மெயின் பிக்சர். அறுநூறு ரூபாய்க்கு சோயா கேண்டில் வாங்கி வச்சுட்டு, ராத்திரி முழுக்க மூடின ரூம்ல கொசுவர்த்திச் சுருள் கொளுத்துறோமே, அதை என்ன சொல்றது? 2003-ல வெளிவந்த ஒரு சர்வதேச ஆய்வு என்ன சொல்லுது தெரியுமா? ஒரே ஒரு சுருள் எரிஞ்சு முடிக்கிறப்போ வர்ற நுண்துகள், 75-ல இருந்து 137 சிகரெட்டுக்குச் சமம்! ஊதுவத்தியும் கிட்டத்தட்ட அதே குடும்பம்தான். நல்லா எரியற ஒரு மெழுகுவர்த்தி இவங்களுக்கு முன்னாடி ரொம்ப சாது. வீட்டுக் காத்து சுத்தமா இருக்கணும்னா முதல் செலவு கேண்டிலுக்கு இல்லை... கொசு வலைக்கு!

நவம்பர் 2 கல்லறைத் திருநாள்ல ஆயிரக்கணக்குல மெழுகுவர்த்தி ஏத்துறோம். அது திறந்தவெளி, காத்து கரியைக் கொண்டு போயிடும். பத்துக்குப் பத்து ரூம்ல அந்த வசதி இல்லை.

பாக்கெட்டுல வச்சுக்க வேண்டிய டிப்ஸ்:

* ஒவ்வொரு தடவையும் பத்த வைக்கும் முன்னாடி திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டுங்க. கரி குறையிறது கண்ணுக்கே தெரியும்.

* ஃபேனுக்குக் கீழ, கர்ட்டன் பக்கத்துல, துப்பட்டா பறக்கிற இடத்துல வைக்காதீங்க. தூங்கும் முன்னாடி அணைச்சிடுங்க.

* வாயால ஊதினா புகை அதிகம். மூடி போட்டு அணைங்க. மெழுகு குபுகுபுன்னு எரிஞ்சா தண்ணி ஊத்தவே கூடாது.

* வீட்டுல செய்றவங்க கிரேயான் உருக்கி கலர் சேர்க்காதீங்க. அது திரியை அடைச்சு புகையைக் கிளப்பும்.

* கரன்ட் கட்டுக்கு எல்.இ.டி. எமர்ஜென்ஸி லைட்டே போதும்.

* லேபிள்ல மெழுகு பேரு, திரி பேரு ரெண்டும் இல்லையா? கடைக்காரர்கிட்ட கேளுங்க. பதில் இல்லைன்னா அடுத்த கடை.

கடைசியா ஒண்ணு. நம்ம ஊர் பூட்டுக்குப் பேர்போன ஊர்தான், 2019-ல புவிசார் குறியீடே வாங்கியாச்சு. அதுக்காக கேண்டில் ஏத்துறப்போ ஜன்னலையும் பூட்டி வைக்கணும்னு அவசியம் இல்லை மக்களே. திறந்து வைங்க!